பழைய பட்டும் பாத்தேக்கும் நிறைந்த அலமாரியைக் கழிப்பது: தெலுக் இந்தான் ஈரத்துக்கு ஏற்ற முறை

தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கும்போது துணி அலமாரியையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். பழைய பட்டு, மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய பாத்தேக், நைலக்ஸ் என்னும் நைலான் சேலை என்று வைத்திருக்கும் வீட்டுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. தெலுக் இந்தான் இருக்கும் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபரிலும் நவம்பரிலும்தான் மழை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மேயில் இன்னொரு சுற்று வரும். அந்தக் காற்றில் துணியைப் பிரித்து, உதறி, மடித்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். பொங்கலுக்குத் திறந்தால் வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். இந்த வேலைக்கு ஏற்றது தைப்பூசம் முடிந்த பிப்ரவரி, இல்லையென்றால் ஜூன், ஜூலை. அதற்குப் பிறகு புகைமூட்டம் வந்துவிட்டால் துணியை வெளியே காட்டவே வேண்டாம். பட்டில் ஏறிய புகை வாடை லேசில் இறங்காது.

தோட்டத்து லயத்து வீட்டில் பலகைச் சுவர், தகரக் கூரை. வெக்கை உண்டு, காற்றும் உண்டு. இரும்புப் பெட்டி பெஞ்சின் மேல் இருக்கும், அடியில் காற்று ஓடும். அதே துணிமணி இப்போது தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீட்டில், குளியலறைச் சுவரோடு ஒட்டி அடித்த அலமாரிக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. துணி கெடுவதற்குப் பழமையை மட்டும் குறை சொல்ல முடியாது. அலமாரிக்குள் காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் வெளிக்காற்றே பெரும்பாலும் 80 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் இங்கே துணியைக் குறைப்பது அழகுக்காகச் செய்கிற வேலையில்லை, காற்றுக்கு இடம் விடுகிற வேலை. எத்தனை சேலை வைத்துக்கொள்ளலாம் என்பதை அலமாரியே சொல்லிவிடும். அடுக்கில் ஆறு சேலைக்கு மேல் வேண்டாம், தொங்கும் துணிகளுக்கு நடுவே கை நுழைய வேண்டும், பின்பலகைக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரற்கடை இருக்க வேண்டும். இதற்கு மேல் இருப்பதெல்லாம் உபரி. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். விலை அதிகமில்லை, ஊகிக்கிற வேலை மிச்சமாகும்.

எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டிவிட்டுத் தொடங்கு என்று சொல்கிறவர்கள் மாலை நாலு மணி மழையைப் பார்க்காதவர்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். காலை பத்து மணிக்குத் திறந்து இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டு, மென்மையான துணித் தூரிகை, டார்ச் விளக்கு, முகக்கவசம், நூல் ஊசி, பென்சில், துண்டுச் சீட்டு ஆகியவை கையருகே இருக்கட்டும். பேனா வேண்டாம். மை கசிந்தால் புதுக் கறை.

எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், மற்றதைக் கெடுக்கிறவற்றை வெளியே எடுங்கள். முதலில் ரப்பர் பேண்ட். சேலையைச் சுருட்டி ரப்பர் போட்டு வைப்பது பல வீடுகளில் உண்டு. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுப்பாக்கிவிடும். ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களிலேயே இது நடப்பதுதான் வேடிக்கை. அடுத்து துருப்பிடித்த ஊக்கு, பின், இரும்பு ஹேங்கர். பிறகு செய்தித்தாள். அதன் அமிலம் துணியைப் பழுப்பாக்கும், மையும் ஒட்டும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையையும் கழற்றுங்கள், உள்ளே போன ஈரம் வெளியேற அதில் வழியில்லை. தோள்பட்டை வைத்துத் தைத்த பழைய ரவிக்கை, கோட்டு இருந்தால் உள்ளிருக்கும் பஞ்சுரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

தொட்டால் பிசுபிசுக்கும் பழைய பிளாஸ்டிக் கைப்பையில், பிளாஸ்டிக்கை வளையவைத்த எண்ணெய் மேலே கசிந்து வந்திருக்கிறது. துடைத்தாலும் திரும்ப வரும், பக்கத்திலுள்ள துணியிலும் ஒட்டும். செயற்கைத் தோல் பை செதில் செதிலாக உரிவது வேறு கோளாறு. காற்றின் ஈரமே அதன் மேல்பூச்சைச் சிதைத்துவிடுகிறது. ஒட்டவும் முடியாது, பூசவும் முடியாது. கொக்கியும் சங்கிலியும் நன்றாக இருந்தால் கழற்றிக்கொண்டு பையைத் தூக்கிப் போடுங்கள்.

பாச்சை உருண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாப்தலின் உருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதோடு சூடத்தையும் சேர்த்து வைப்பதுதான் பெரிய தவறு. இரண்டும் கலந்தால் ஒவ்வொன்றும் தனியாக உருகும் வெப்பத்துக்கு வெகு கீழேயே, நம் ஊர்ப் பகல் சூட்டிலேயே இளகிச் சேலையில் எண்ணெய்க் கறையாக இறங்கிவிடும். பிளாஸ்டிக் பொத்தானும் வளையலும்கூட நாப்தலின் ஆவியில் இளகலாம். இதையெல்லாம்விட முக்கியமானது குழந்தை. சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும், அதாவது ஜி6பிடி குறைபாடு உள்ள பச்சிளம் பிள்ளைக்கு நாப்தலின் வாடை ஏறிய துணியைப் போர்த்தினால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்தவுடனே இதற்கு ரத்தம் சோதிப்பது அதனால்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சூடமும் ஆகாது. பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டப் பாட்டியின் பழைய சேலையைத் தேடும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும். உருண்டை வாடை பட்ட துணியை நன்றாகத் துவைத்து, வாடை முற்றும் போகும்வரை காயவிடாமல் பிள்ளையின் மேல் போடாதீர்கள்.

இனி துணியை அடையாளம் காண்பது. விலை, துவைக்கும் முறை, வைக்கும் முறை மூன்றும் இதை வைத்துத்தான். முந்தானையின் உள்பக்கம் தொங்கும் ஜரிகை இழை ஒன்றை அரை அங்குலம் வெட்டி நகத்தால் சுரண்டுங்கள். பொன்னிறம் போய் வெள்ளை தெரிந்து, நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருந்தால் அது வெள்ளி ஜரிகை. பொன்னிறத்துக்கு அடியில் செம்பு நிறம் வந்தால் அடுத்த தரம். பட்டையாக இழுபட்டு, தீயில் காட்டியதும் சுருண்டு மணியானால் பிளாஸ்டிக் ஜரிகை. துணிக்கும் இதே வழிதான். தையல் ஓரத்தில் இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் எரியுங்கள். பட்டு தலைமுடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியும் ரேயானும் காகித வாடை. நைலக்ஸும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகும். பாத்தேக்கைத் திருப்பிப் பார்த்தால் போதும். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது இருபுறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தமாக இருக்கும், அச்சடித்தது பின்புறம் வெளிறியிருக்கும்.

காலத்தைக் கணிக்க ரவிக்கை, சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் தையற்கடைச் சீட்டு கைகொடுக்கும். தெலுக் ஆன்சன் என்று இருந்தால் 1982க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆண்டில்தான் ஊர்ப்பெயர் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், என்றால் 1972க்கு முன். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் 2007 வரை இருந்ததால் அது அவ்வளவு உதவாது. விலைச்சீட்டில் ரிங்கிட்டுக்குப் பதில் டாலர் குறி இருந்தால் 1993க்கு முந்தைய சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மிச்சமிருந்த பழைய சீட்டுகளைத் தையற்கடைகள் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கும், எனவே இது கணிப்புதான், சாட்சியம் இல்லை. கழுத்தில் உறுத்துகிறது என்று மட்டும் அந்தச் சீட்டை வெட்டாதீர்கள். சேகரிக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

பட்டுச் சேலையைச் சோதிக்க அவசரம் ஆகாது. சேலையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, மடிப்புக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி குத்தினாற்போல் வரிசையாக வெளிச்சம் தெரிந்தால் இழை முறியத் தொடங்கிவிட்டது. குறுக்கு மடிப்பில் முறிவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல், நீள வாட்டத்து மடிப்பில் முறிவது குறுக்கே ஓடும் ஊடை நூல். ஊடை முறிந்த சேலை கொசுவம் வைக்கும் இடத்தில் நீளமாகக் கிழியும், கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் உட்காரும்போது சத்தம் கேட்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே ஓர் அங்குல அகலம் பிடித்து மெல்ல இழுங்கள். தாங்கினால் கட்டலாம், தூள் உதிர்ந்தால் அது இனிக் கட்டும் சேலை இல்லை. கரையும் உடலும் சேரும் கோர்வையில் மட்டும் விட்டிருந்தால் கவலை வேண்டாம். கனமான ஜரிகைக் கரை லேசான உடலை இழுத்ததால் வந்தது அது. உள்பக்கம் மெல்லிய வலைத்துணி வைத்து, அதே நிறப் பட்டு நூலில் சின்னத் தையல் போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடும். இந்தக் காரணத்துக்காகவே கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிடக்கூடாது.

ஃபால்ஸையும் பாருங்கள். கரைப்பக்கம் சுருங்கி அலையலையாக நின்றால் பெரும்பாலும் சேலைமேல் குற்றமில்லை. துவைக்காமல் தைத்த பருத்தி ஃபால்ஸ் பிறகு சுருங்கியிருக்கிறது. பிரித்துவிட்டு, சுமார் 2.75 மீட்டர் புது ஃபால்ஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கையால் தையுங்கள். பாதிச் சேலைகள் இந்த ஒரு வேலையிலேயே மறுபடி கட்டும் நிலைக்கு வந்துவிடும்.

பூஞ்சணம் கண்டால் உடனே ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும். துடைத்தால் அது இழைக்குள் இறங்கிவிடும். முதலில் நிழலில், காற்றில், நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பூஞ்சணம் பொடி. முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசையில் மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். பட்டுக்கு நேரடி வெயில் வேண்டாம். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் அரைமணி நேரம் போதும். பூஞ்சணம் விட்டுப்போன பழுப்புப் புள்ளி பட்டில் இருந்தால் உலர்சலவைக்காரரிடம் காட்டுங்கள். அது முழுக்கப் போகும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

வெள்ளைப் பருத்தி வேட்டி, பாவாடையின் மஞ்சளுக்கு மருந்து உண்டு. ஆக்சிஜன் வெளுப்புப் பொடி, அதாவது சோடியம் பெர்கார்பனேட், இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கை பொறுக்கும் சூட்டில் ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாலிலிருந்து எட்டு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். இதைப் பட்டிலும் கம்பளியிலும் போடக்கூடாது, காரம் இழையைத் தின்றுவிடும். குளோரின் வெளுப்பு இன்னும் மோசம், பட்டையே கரைத்துவிடும். துருக்கறைமேல் குளோரின் விட்டால் துரு மேலும் அழுத்தமாகிவிடும். வெள்ளைப் பருத்தியில் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுவதே நல்லது. சமையல் மஞ்சளின் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் வெயிலிலேயே வெளிறிவிடும். சிவப்புச் செம்பனை எண்ணெயின் நிறத்துக்கும் அதே வெயில்தான். எண்ணெய்ப் பசையை மட்டும் முதலில் பவுடர் தூவி ஓர் இரவு உறிஞ்சவிட்டுச் சோப்பால் எடுங்கள்.

பாத்தேக்குக்குப் பூந்திக்காய் போதும். இந்தோனேசியாவில் பாத்தேக் துவைக்கப் பயன்படுத்தும் லெராக் காயும் அதே இனம்தான். பத்துக் காயைக் கொட்டை நீக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, நாலு லிட்டர் தண்ணீரில் கலந்து அலசி, முறுக்காமல் நிழலில் காயவையுங்கள். எதைத் துவைப்பதானாலும் முதலில் நனைத்த வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் நிறுத்துங்கள். நாணயம் போட்டால் ஓடும் டோபிக் கடை உலர்த்தியில் இந்தப் பழைய துணி எதையும் போடாதீர்கள். அந்தச் சூட்டில் நைலக்ஸில் விழும் சுருக்கம் நிரந்தரம். இஸ்திரிப் பெட்டியில் நைலக்ஸுக்கு ஒரு புள்ளி, பட்டுக்கு இரண்டு, பருத்திக்கு மூன்று. ஜரிகைமேல் மெல்லிய துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

நகையும் மற்றவையும் சட்டென்று முடிகிற வேலை. கெம்புக்கல் அட்டிகைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். கல்லுக்குப் பின்னால் இருக்கும் தகடு ஈரத்தில் கறுத்தால் கல் செத்துவிடும். காய்ந்த மென்துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். முலாம் பூசிய கொக்கியில் எலுமிச்சை தேய்த்தால் முலாமும் சேர்ந்து போகும். நிஜத்தோல் பையில் பூஞ்சணம் இருந்தால் 70 சதவிகித ஆல்கஹாலை லேசாகத் தொட்ட துணியால், மறைவான இடத்தில் சோதித்த பிறகு துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், சிக்கு வாடைதான் மிஞ்சும். இறுகிய ஸிப்பில் பென்சில் முனையைத் தேய்த்தால் ஓடும். நின்றுபோன குவார்ட்ஸ் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வையுங்கள், கசிந்தால் இயந்திரமே போய்விடும்.

பூச்சி அரித்த தடம் தெரிந்தால் யார் என்று பாருங்கள். கஞ்சி போட்ட வேட்டியை ராமபாணப் பூச்சி சுரண்டும், பட்டிலும் கம்பளியிலும் அந்துப் புழு ஓட்டை போடும். அதனால் எடுத்து வைக்கும் வேட்டிக்குக் கஞ்சி போடாதீர்கள். பட்டையோ கம்பளியையோ மருந்தில்லாமல் காப்பாற்ற உறைபெட்டி உதவும். நன்றாகக் காய்ந்த துணியைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, -18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் ஒரு நாள் பையோடு அப்படியே விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த துணிமேல் நம் ஊர் ஈரம் முழுக்கப் படிந்துவிடும்.

திரும்ப அடுக்கும்போது பட்டைத் துவைத்த, கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றுங்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக் கோட்டை மாற்றி மடியுங்கள். சுற்றின் வெளியே என்ன சேலை, எப்போது மடித்தது என்று பென்சிலில் எழுதிய சீட்டு இருந்தால், பச்சைக் கரை எங்கே என்று எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்காது. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா வேலை செய்யும், ஆனால் அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் தோலும் உலோகமும் கெடும். கீழ்த்தட்டின் மூலையில், ஒரு தட்டத்துக்குள் வையுங்கள். வாரம் ஒரு வெயில் நாளின் மதியம் கதவைத் திறந்து மின்விசிறியை ஒரு மணி நேரம் அதன் பக்கம் திருப்புவது அதைவிடப் பலன் தரும்.

விடுவதில் வருவதுதான் தகராறு. அம்மாவின் சேலை, அப்பாவின் சட்டை என்று எதையும் தொடவிடாதவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நினைவுக்கென்று ஒரே ஒரு பெட்டி ஒதுக்குங்கள், அதில் கொள்வது வரை வாதம் வேண்டாம். உடல் கிழிந்து கரை நன்றாக இருக்கும் பட்டைக் கழிக்காதீர்கள். கரையையும் முந்தானையையும் எடுத்துப் புது உடலில் பொருத்தலாம், கிழியாத மூன்று மீட்டர் தேறினால் பேத்திக்குப் பட்டுப்பாவாடை ஆகும். பழைய ரவிக்கை பற்றவில்லையென்றால் உள்தையலைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்துத் தையற்காரர்கள் பெரும்பாலும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் துணி விட்டிருப்பார்கள். அக்குளில் வியர்வை தின்ற பட்டுக்கு மட்டும் வழியில்லை. வெள்ளி ஜரிகைச் சேலை கிழிந்துபோனாலும் இனாமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பழைய பட்டை ஜரிகைக்காக வாங்கும் கடைகள் தமிழ்நாட்டில் உண்டு, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து விலை கேட்கலாம்.

மிச்சத்தைப் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்கு மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் டி-சட்டைகளைப் பிரித்தெடுங்கள். கீழ்விளிம்பிலும் கைவிளிம்பிலும் ஒற்றைத் தையல் ஓடினால் அது பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது, அதைத் தேடி வாங்கும் இளைஞர்கள் நிறைய. இணையத்தில் விற்பதானால் துணியைத் தட்டையாக விரித்து அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து விளிம்பு வரை என்று அங்குலத்தில் அளந்து எழுதுங்கள். பழைய அளவுச் சீட்டு இன்றைய அளவோடு ஒத்துப்போகாது. கறையையும் ஓட்டையையும் பகல் வெளிச்சத்தில் கிட்டப் படம் எடுத்துப் போட்டால் திருப்பி அனுப்பும் தொல்லை குறையும். பூஞ்சணம் பிடித்ததை யாருக்கும் தானம் கொடுக்க வேண்டாம், கொடுத்த இடத்து அலமாரியும் கெடும். பொத்தான், கொக்கி, நன்றாக இருக்கும் லேஸ் ஆகியவற்றை வெட்டி எடுத்துக்கொண்டு, அதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.